பத்து நிமிடம் ஓடி நிற்கும் வண்டி

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் தானாக நின்றுபோனால் எத்திராஜ் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் எஞ்சின் சோதனை ஷெட்டில் பிட்டராகச் சேர்ந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. "மொதல்ல பெட்ரோல் கீதான்னு பாரு, அப்பால உன் மூளைய காட்டு" என்பார்கள் அங்கே. அந்த ஷெட்டில் முப்பத்தெட்டு வருடம் இருந்தார். எஞ்சின்களின் இரைச்சல் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. கொசு பாடுவதும் குக்கர் விசில் அடங்கும்போது வருகிற மெல்லிய சீற்றமும் அவருக்குக் கேட்காது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார், கேட்டால் நமக்குத்தான் எரிச்சல் வரும்.

அவரிடம் ஒரு வண்டி இருந்தது. எண்பத்து மூன்றாம் வருடத்து டூ-ஸ்ட்ரோக் பைக். வாங்கிய மறுவருடமே அதைப் பிரித்து மேய்ந்து வேறு ஜென்மம் கொடுத்துவிட்டார். சைலன்சரைத் தூக்கி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மட்கார்டை உயர்த்தினார். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினார். பாறையில் இடிக்கும் என்று முன்விளக்கைக் கழற்றியே போட்டுவிட்டார். தொழிற்சாலையில் அப்போது வாலிபப் பையன்கள் சேர்ந்து ஒரு மோட்டார் கிளப் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்குவாரிப் பக்கம் போய் டிரயல்ஸ் நடத்துவார்கள். வேகப் பந்தயம் இல்லை அது. பாறை, சேறு, மரக்கட்டை எல்லாவற்றின் மேலும் காலைக் கீழே ஊன்றாமல் ஏறி இறங்க வேண்டும். கால் ஊன்றினால் புள்ளி போச்சு. ஆமை மாதிரி போனாலும் பரவாயில்லை, வண்டி நிற்காமல் போக வேண்டும்.

கல்யாணமான புதிதில் பத்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். அரக்கோணத்துப் பெண். குவாரி ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, புருஷன் கால் ஊன்றுவதை உரக்க எண்ணுவாள். "ஒண்ணு! ரெண்டு! இன்னாங்க, நொண்டி விளையாடறீங்களா?" கூட்டமே சிரிக்கும். பாறை ஏறுகிற அந்த வண்டிக்கு 'ஆடு' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கிளப் கலைந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெள்ளானூரில் சொந்தமாக வீடு கட்டினார்கள், ஒரே மகள் எழிலரசி படித்து ஐ.டி. வேலைக்குப் போய் அஸ்வினைக் கட்டிக்கொண்டு பூந்தமல்லி பிளாட்டுக்குப் போனாள். ஆடு மட்டும் வீட்டு ஷெட்டிலேயே இருந்தது. தினமும் காலையில் ஐந்து நிமிடம் அதை ஓடவிட்டு நிறுத்துவார். காபி கொடுக்க வரும் பத்மா, "உங்க ஆடு இருமுதே, கஷாயம் போடட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

போன டிசம்பரில் மழை கொட்டித் தீர்த்ததே, அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு பத்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேர்வை ஆறாக ஓடியது. தெருவில் முட்டி அளவு தண்ணீர். ஆம்புலன்ஸுக்கு அடித்தால் வழியெல்லாம் வெள்ளம், நேரமாகும் என்றார்கள். எதிர்வீட்டு தங்கவேல் ஓடி வந்து, "அரை மணி நேரம் பொறு அண்ணாத்தே, மச்சான் ஊட்லேர்ந்து டிராக்டர் கொண்ணாறேன்" என்றான். போனில் எழிலரசியும் அதையேதான் சொன்னாள். "டிராக்டர் வரட்டும்பா. ப்ளீஸ், நீங்களா கிளம்பாதீங்க."

எத்திராஜ் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? தண்ணீரிலும் சேற்றிலும் போவதற்கென்றே தன் கையால் செய்த வண்டி ஷெட்டில் நிற்கிறது. சைலன்சர் மேலே இருக்கிறது, காற்று போகிற வழி மேலே இருக்கிறது. கார் நிற்கும், ஸ்கூட்டர் நிற்கும், ஆடு நிற்காது. "ஆட்டுக்குள்ள தண்ணி போவாது, நான் இட்டுகினு போறேம்மா, நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்று போனை வைத்தார். பத்மாவைப் பின்னால் உட்கார வைத்து, விழாமல் இருக்க ஒரு போர்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜோராகப் போயிற்று வண்டி. சரியாகப் பத்து நிமிடம். பிறகு இரண்டு முறை திக்கியது, நின்றது. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணீர், நடு ரோடு. மழை அடித்து ஊற்றியதால் டேங்க் மூடியைத் திறக்கவில்லை, தண்ணீர் உள்ளே போய்விடும் என்ற பயம். கிக்கரை உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். பதினைந்து நிமிடம் கழித்து என்ன நினைத்ததோ, தானாகக் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மூன்றாவது முறை நின்றபோது அவர் அழுதுகொண்டே உதைத்தார். முதுகில் சாய்ந்திருந்த பத்மா மெதுவாகச் சொன்னாள்: "பொறுமையா பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இன்னும் அரை மணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். தங்கவேல் இருபதே நிமிடத்தில் டிராக்டரோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். இந்த இரண்டு நேரத்தையும் கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கும் பெரிய படிப்பு தேவையில்லை. எழிலரசி பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு அவள் கேட்டாள். "நாப்பது வருஷமா எஞ்சின் பாத்தவர்தானே நீங்க? ஒரு வண்டிய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலையா? டிராக்டர் வருதுன்னு சொன்னேனே!"

"தண்ணி பூந்திருக்கும்மா..."

"தண்ணி போகாதுன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனீங்க? எதனால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும். கண்டுபிடிச்சிட்டு போன் பண்ணுங்க. அதுவரைக்கும் உங்க முகத்த என்னால பார்க்க முடியாதுப்பா."

சொன்னவள் சொன்னதுதான். பொங்கலுக்கு வரவில்லை. அவள் பிறந்த நாளுக்குப் போன் செய்தார், அஸ்வின்தான் எடுத்து, "அவ தூங்கறா மாமா" என்றான், பகல் பதினொரு மணிக்கு. தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. சோதனையில் நின்றுபோன எஞ்சினுக்கு சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். காரணம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் சீட்டை அவிழ்க்க முடியாது. அந்த மாதிரி ஒரு சீட்டை மகள் தன் கழுத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டதாகவே எத்திராஜ் நினைத்தார்.

அவர் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. சோறு பொங்கத் தெரியாது, தங்கவேல் வீட்டிலிருந்து குழம்பு வரும். மீதி நேரம் முழுக்க ஷெட்தான். வெள்ளம் வடிந்து, வெயில் வந்து, எல்லாம் எலும்பாகக் காய்ந்த பிறகும் வண்டி அதே மாதிரிதான் செய்தது. ஏரிப் பக்கம் போகும் ரோட்டில் எடுத்துக்கொண்டு போவார். பத்து நிமிடம், சில நாள் பன்னிரண்டு. திக்கும், நிற்கும். அப்படியானால் அன்றைக்குத் தண்ணீர் காரணமில்லை. வண்டிக்குள்ளேயே ஏதோ இருக்கிறது.

முதல் சந்தேகம், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் மேல். சூடானால் அது சாகும், பொறி வராது, ஆறினால் மறுபடி வரும். பத்து நிமிடக் கணக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. வண்டி நின்றதும் வழக்கம்போல டேங்கைத் திறந்து பெட்ரோல் பார்த்தார், இருந்தது, மூடினார். காயில் மேல் ஈரத்துணியைப் போட்டு உதைத்தார். உடனே பிடித்துக்கொண்டது. நடுரோட்டில் நின்று, "கண்டுபுட்சிட்டேன் பத்மா" என்று கத்தினார், பாவம். மண்ணூர்பேட்டை ஜமீலா கடையில் புதுக் காயில் வாங்கி மாட்டினார். மறுநாள் பத்தாவது நிமிடத்தில் நின்றது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்திருந்தது. நல்லபடி எரியும் எஞ்சினில் அது காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்தால் பெட்ரோல் குறைவு, இல்லையென்றால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. ஊதுபத்தி கொளுத்தி எஞ்சினின் ஒவ்வொரு பொருத்தாகக் காட்டினார், புகை எங்கே உள்ளே இழுபடுகிறது என்று பார்க்க. ஒரு இடத்தில் லேசாக வளைந்தது போல் இருந்தது. எஞ்சினையே இரண்டாகப் பிளந்து ஆயில் சீல் மாற்றினார். அதற்கு ஒரு மாதம். கார்புரேட்டரை மூன்று முறை அக்கக்காகப் பிரித்துக் கழுவினார். கண்டென்சர் மாற்றினார். ஒவ்வொரு முறையும் நின்ற வண்டி, டேங்கை எட்டிப் பார்த்துவிட்டு எதையாவது தொட்டு உதைத்தால் கிளம்பிவிடும். தொட்டதெல்லாம் காரணம் மாதிரித் தெரியும், மறுநாள் எதுவுமே காரணமில்லை என்று ஆகும். ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதி எழுதி அடித்த பட்டியல் கதவு வரைக்கும் வந்துவிட்டது.

ஜமீலாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் தனியாக நடத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கேட்டிருந்த ஒரு ரப்பர் இணைப்பை எடுத்துக்கொண்டு அவளே ஸ்கூட்டரில் வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்தே, எலும்பும் தோலுமா கீற! துன்றியா இல்லியா? இந்த வண்டிய காயலாங்கடைல போட்டுட்டு பொண்ணு ஊட்டாண்ட போய் குந்து. தொரத்திடுமா இன்னா?"

"காரணம் தெரியாம போ முடியாதும்மா."

"சர்தான் போ. வா, நானும் பாக்கறேன் உன் வண்டி எப்டி நிக்குதுன்னு."

ஏரி ரோட்டில் அவர் முன்னால் போக, அவள் ஸ்கூட்டரில் பின்னால் போனாள். பத்து நிமிடம். திக்கியது, நின்றது. எத்திராஜ் வண்டியை ஓரம் கட்டி, டேங்க் மூடியைத் திருகித் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா அது சத்தம்?" என்றாள் ஜமீலா.

"இன்னா சத்தம்?"

"தொறந்தியே, அப்ப புஸ்ஸுன்னு இழுத்துச்சே. கேக்கல உனக்கு?"

அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னதும் கை அப்படியே நின்றுவிட்டது. மூடினார், உதைத்தார், கிளம்பியது. மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றபோது, மூடியைக் கழற்றியதும் பட்டென்று உள்ளங்கையை டேங்க் வாயில் வைத்துப் பொத்தினார். டேங்க் அவர் கைத்தோலை உள்ளே இழுத்தது.

மூடியின் நடுவில் காற்று போக ஒரு சிறு ஓட்டை உண்டு. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். ஓட்டை அடைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் உள்ளே வெற்றிடம் ஆகி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடும், வண்டியும் உடனே கிளம்பும்; திறக்காவிட்டால் இண்டு இடுக்கில் காற்று கசிந்து போய்க் கிளம்பக் கால் மணி நேரமாவது ஆகும். ஆறு மாதமாக, பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து, அவர்தான் ஒவ்வொரு முறையும் கோளாறைச் சரிசெய்துவிட்டு, அது போன பிறகு அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூடியை வாயில் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. ஜமீலா தன் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். குத்தி நெம்பியதும் ஓட்டையிலிருந்து ஏதோ கெட்டியாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது.

"துருவா?"

அவர் மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோல் நெடிக்கு அடியில் சந்தனம் மணத்தது. மஞ்சள் கட்டியின் ஒரு ஓரத்தில் குங்குமச் சிவப்பு.

ஆயுதபூஜை. வெள்ளத்துக்கு இரண்டு மாதம் முன்னால். வருடா வருடம் வண்டிக்குப் பொட்டு வைப்பவள் பத்மா. அந்த வருடம் அவளுக்கு முட்டிவலி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் மட்டும் செய்தாள். பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த எழிலரசிதான் சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்குள் வந்தாள். எல்லா வண்டிக்கும் முன்விளக்கின் மேல்தான் பொட்டு வைப்பார்கள், இதற்கு விளக்கே இல்லை. "இதுக்கு நெத்தி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். தேங்காயைக் கழுவிக்கொண்டிருந்த எத்திராஜ் சிரித்துக்கொண்டே டேங்கைக் காட்டி, "அங்க எங்கனா வை" என்றார். அவள் பளபளவென்றிருந்த மூடியின் நடுவில், சந்தனத்தைக் குழைத்து கட்டைவிரலால் அழுத்தி, பெரிய பொட்டாக வைத்தாள். அதன் மேல் குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டாள். "ஆட்டுக்கு இப்பதான் முகமே வந்திருக்கு" என்றாள் பத்மா நாற்காலியிலிருந்து. அதன் பிறகு மழைக்காலம். மேலே தெரிந்த பொட்டு துடைத்த துணியோடு போயிற்று, ஓட்டைக்குள் இறங்கியது அங்கேயே இறுகிவிட்டது. தினமும் ஐந்து நிமிடம் வீட்டிலேயே ஓடவிட்டு நிறுத்தியதோடு சரி. ஐந்து நிமிடத்தில் எந்த வெற்றிடமும் ஆகாது.

"அட அல்லாவே" என்றாள் ஜமீலா. "பூசை பொட்டா? யாரு வெச்சது?"

"நான்தான்" என்றார் எத்திராஜ்.

அவள் ஊக்கை வாங்கித் துப்பட்டாவில் திரும்பக் குத்திக்கொண்டாள். பிறகு, "உடு அண்ணாத்தே. யாரு வேணும்னு செஞ்சாங்க? பொண்ணுக்கு சொல்லு. இந்த மாரி பொட்டு அடச்சிகிச்சின்னு சொன்னா புரிஞ்சிக்கும். ஆறு மாசம் கழிச்சி இன்னிக்காச்சும் உனக்கு ஒரு வழி பொறந்துச்சே" என்றாள்.

மூடியைப் போட்டு வண்டியை எடுத்தார். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து, இருபது, இருபத்தைந்து. ஒரு திக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. இத்தனை மாதம் எதற்காக ராப்பகலாகக் கிடந்தாரோ அது நடந்துவிட்டது. அவருக்கோ, எங்கேயாவது நின்றுதொலையேன் என்று இருந்தது. இது இல்லை, வேறு ஏதோ கோளாறு என்று ஆகிவிடாதா என்று இருந்தது. அன்றைக்கு இப்படி ஓடியிருந்தால் பத்மா இப்போது வீட்டில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பாள். அது நினைவுக்கு வந்ததும் கண் மறைத்தது, ஓட்ட முடியவில்லை, திருப்பிக்கொண்டு வந்தார்.

ஜமீலா ஸ்கூட்டர் பக்கத்தில் கைதட்டிக்கொண்டு நின்றாள். "போடு போன, போடு!"

கொஞ்சம் தள்ளிப் போய் நின்று போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்துவிட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"சொல்லுங்க."

"எழிலு, நல்லா கீறியாம்மா?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவர் எத்தனையோ முறை மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார். என் மேல் தப்பில்லைம்மா, வண்டியை நான் நன்றாகத்தான் வைத்திருந்தேன் என்று ஆரம்பிக்கிற பதில். அதைச் சொல்வதற்கு இன்றைக்கு அவர் கையில் ஆதாரமே இருந்தது, கடுகளவு சந்தனம். சொன்னால் மகள் திரும்பி வருவாள். வந்து, வாழ்நாள் முழுக்கத் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கண்டுபுட்சிட்டேம்மா. காயில்."

"காயிலா?"

"ஆமா. சூடானா செத்துடும், ஆறினா வரும். பழசு. மாத்தணும் மாத்தணும்னு ரெண்டு வருசமா நெனச்சிகினே இருந்தேன். மாத்தல."

மறுமுனையில் மூச்சு உடைவது அவருக்கே கேட்டது.

"தெரிஞ்சும் மாத்தலையா?"

"ஆமாம்மா."

"நான் பொட்டு வெச்சுக் கும்பிட்ட வண்டிப்பா அது. அப்பா அம்மா ரெண்டு பேரையும் பத்திரமா வெச்சுக்கோன்னு அதுகிட்ட வேண்டிக்கிட்டேன். நீங்க ஒரு காயில் மாத்தல."

"நீ நல்லாத்தாம்மா வெச்சே" என்றார் எத்திராஜ். "தப்பு என்னுது. எல்லாம் என்னுதுதான்."

"இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்கப்பா."

"சரிம்மா."

வைத்துவிட்டாள். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், ஜமீலா பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்பதற்காக. பிறகு வந்தார்.

"இன்னா சொல்லுது? வருதாமா?"

"வரேன்னு சொல்லுது."

"அப்பாடா!" என்று ஜமீலா வானத்தைப் பார்த்துக் கை ஏந்தினாள். எத்திராஜ் வண்டியின் மறுபக்கம் போய், செயினைப் பார்ப்பவர் போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சத்தம் வராமல் இருக்க முழங்கையைக் கடித்துக்கொண்டு அழுதார்.